ஒற்றைப்படை

ஔலு நகரில் ஒரு குடியிருப்பின் அடியில்
போர் வந்தால் ஒளிவதற்கென்று கட்டிய பதுங்கறைதான்
எங்கள் ஒத்திகைக் கூடம்.
இரும்புக் கதவு, யாருடையதோ பனிச்சறுக்குக் கட்டைகள்,
சக்கரம் போன ஒரு குழந்தை மிதிவண்டி.
குண்டு இதுவரை விழவில்லை.
செவ்வாய், வெள்ளிகளில் நாங்கள்தான் இடிக்கிறோம்.

வெய்க்கோ எழுதிய பாட்டு ஒன்று.
நிமிடத்துக்கு நூற்றெழுபது துடிப்பு, துடிப்புக்கு நான்கு சுரம்.
நூற்றைம்பது வரை என்னோடு ஓடிவரும் வலக்கை
அதற்குமேல் சண்டிமாடு.
தோள் ஏறிக் காதைத் தொடும்,
முழங்கை பூட்டிக்கொள்ளும்,
முன்கை முழுதும் விறகு.

மெதுவாகப் பயிற்சி செய் என்றார்கள், வேகம் தானே வரும்.
செய்தேன்.
தாளக்கருவியை நாளுக்கு ஒரு எண் ஏற்றி
பதினோரு வருடம்.
மெதுவாக வாசிப்பதில்
இந்த ஊரில் என்னை அடிக்க ஆளில்லை.

பகலில் எனக்குச் சந்தைக்கூடத்தில் மீன்கடை.
சீகா மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு
கத்தியின் முதுகால் செதில் எடுக்கும்போது
மணிக்கட்டு தன்பாட்டுக்கு ஓடும்,
நான் வாடிக்கையாளரிடம் வெந்தயக்கீரை விலை சொல்லிக்கொண்டிருப்பேன்.
ஒருநாள் அதைக் கவனித்தேன்.
அடடா, இதுதானே!
அன்றிரவே அந்த அசைவைக் கிதாருக்குக் கொண்டுபோனேன்.
பிக் தந்திகளுக்குள் புதைந்தது.
மீனுக்குத் தந்தி கிடையாது,
கத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியதில்லை.
இது எனக்கு அப்போது தெரியாது.
கையில் மீன் வாடை என்று மட்டும் ரைமோ சொன்னான்.

ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
சவுனா அடுப்பைப் பற்றவைத்தேன்.
தீக்குச்சி விரல்வரை எரிந்துவந்து சுட்டது,
உதறினேன்.
உதறினேன் என்பதுகூடப் பொய்,
உதறிக்கொண்டது.
சாவியை இப்படியும் அப்படியும் திருப்புவதுபோல் முன்கை சுழன்று,
தோளுக்குச் சேதியே போகாமல்,
அவ்வளவு வேகம், அவ்வளவு இலகு.
துண்டைக் கட்டிக்கொண்டு
அணைந்த குச்சியை நான் உதறிக்கொண்டே நிற்க,
கதவைத் திறந்த ஆன்டெரோ கேட்டான்:
எரியலையா?
அணைஞ்சிடுச்சு.
அப்புறம்?
இன்னும் அணைச்சுக்கிட்டிருக்கேன்.

முதல் மூன்று வாரம் ஒரே இரைச்சல்,
பாதி சுரம் தப்பு, மீதி பக்கத்துத் தந்தியில்.
இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை.
குறைத்தால் பழைய கை வந்துவிடும்,
அதற்கு வழி தெரியும்.

பிறகுதான் தெரிந்தது இந்த அசைவின் குணம்.
மேல்வீச்சு தந்தியைத் தாண்டிக் காற்றுக்கு வந்துவிடுகிறது.
கீழ்வீச்சு இரண்டு தந்திக்கு நடுவே
பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது,
அடுத்த தந்திக்குப் போக வேலி ஏற வேண்டும்.
இரட்டைப்படையில் முடித்தால் வெளியே.
ஒற்றைப்படையில் முடித்தால் உள்ளே.
பதினோரு வருடமாக நான் இடறிய இடங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன்.
மூன்று. ஐந்து. மூன்று.
வெய்க்கோவின் பாட்டில், நான்காவது தந்தியில்,
ஏழு.

வேறு கை தேடலாம்.
இன்னொரு பதினோரு வருடம் ஆகலாம்.
ஒரு சுரத்தை எடுத்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

கெமியில் கச்சேரி. நாற்பது பேர்,
அதில் ஆறு பேர் மதுக்கடை ஊழியர்.
நூற்றெழுபதில் தலைகள் ஆடின,
என் தோள் இருந்த இடத்திலேயே இருந்தது,
முடியும்போது சிரித்துக்கொண்டிருந்தேனாம், படத்தில் தெரிகிறது.

திரும்பும் வழி நெடுகப் பனி.
வெய்க்கோ வண்டி ஓட்டினான், பேசவில்லை.
ஈ என்றொரு ஊர், பெயரைப்போலவே சட்டென்று முடிந்துவிடும்,
அதைக் கடக்கும்போது
ஸ்டியரிங்கில் அவன் விரல் தட்டத் தொடங்கியது.
நிறுத்தியது. மறுபடி தட்டியது.
ஏழு, என்றான், சாலையைப் பார்த்தபடியே.
ஆறு, என்றேன்.

வைப்பர் நாலைந்து தடவை போய்வந்தது.
பின்னிருக்கையில், டிரம் மூட்டைகளுக்கிடையில்,
ரைமோ தூங்கவில்லை போலிருக்கிறது.
அங்கே நான் ஐந்துதான் அடிக்கிறேன், என்றான்,
நாலு வருஷமா.